எந்த எண்ணெய்?

கேளாமலே கிடைக்கும் பொருள்களில் முதலிடம் ஆலோசனைக்குத்தான். காய்ச்சல் என்று சொன்னால் கஷாயம் சொல்லித் தருகிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்றால் கையோடு இரண்டு ஜாதகம் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்று தெரிந்துவிட்டால், அதை எப்படி எழுத வேண்டும் என்பதைக்கூட இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, "இதற்கு எந்த எண்ணெய் போடலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மற்ற ஆலோசனைகளெல்லாம் அதன் முன்னே நிற்காது. எங்கள் பரளச்சியில் டீக்கடை வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்து பதில் கிடைக்கும். ஐந்தாவது பதில், நாலாவது ஆசாமி டீயைக் குடித்து முடித்த பிறகு மாற்றிக்கொண்ட அபிப்பிராயம்.

இதில் வேடிக்கை மட்டும் இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் எண்ணெய் தவறினால் யந்திரம் உடனே அழுவதில்லை. மனிதர்களுக்குள் வரும் சில நோய்களைப் போல, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே தேய்ந்துகொண்டு வருகிறது. ஒரு நாள் நடுரோட்டில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்போது, எந்தத் தினத்தில் எந்த எண்ணெயால் வந்த வினை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலோசனை சொன்ன நால்வரும் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

எங்கள் வறண்ட சீமைக்கு எண்ணெய்ச் சாஸ்திரம் புதிது அல்ல. கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் மல்லியும் விளைகின்றன என்றாலும், வரப்போரத்தில் நாலு ஆமணக்குச் செடி இல்லாத காடு என் சிறு வயதில் இல்லை. அந்த ஆமணக்குக் கொட்டையிலிருந்து வரும் விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து வண்டி மசகு செய்வார்கள். மாட்டு வண்டியின் அச்சுக்கும் சக்கரக் குடத்துக்கும் இடையே அதுதான் காவல். மசகு வற்றினால் வண்டி 'கிரீச்' என்று கத்தி, எட்டு வீட்டுக்கு அப்பால் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். நல்லெண்ணெய் தலைக்கு, விளக்கெண்ணெய் அச்சுக்கு என்பது வண்டிக்காரர்களின் கணக்கு. நல்லெண்ணெய் விலை உயர்ந்தது, ஆகவே அச்சுக்கு அதையே போடுவோம் என்று எந்த வண்டிக்காரனும் சொன்னதில்லை. நல்லெண்ணெய் நீர்த்து ஓடிவிடும், அச்சில் நிற்காது என்பது அவனுக்குத் தெரியும். எந்த இடம், எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு என்று பார்த்து எண்ணெயைத் தீர்மானித்தான். மோட்டார் வண்டிக்கும் இதற்கு மேல் ஒரு சாஸ்திரம் இல்லை. பெயர்கள்தான் கூடிவிட்டன.

இந்த விஷயத்தை நான் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க நேர்ந்தது என் சித்தப்பாவின் புல்லட்டினால். 1974-ஆம் வருஷத்து வண்டி. இரண்டு வருஷத்து மிளகாய்ப் பணத்தைச் சேர்த்து, அவருடைய இருபத்தைந்தாவது வயதில் வாங்கியது. இந்த வண்டியின் பூர்வோத்தரம் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-ல் மதராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் திருவொற்றியூரில் அது எரிந்துகொண்டே இருந்தது. 1994-ல் ஐஷர் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் புல்லட் என்ற பெயரோடு வரும் வண்டியின் எஞ்சின் முற்றிலும் வேறு. சித்தப்பாவினுடையது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்: 346 சி.சி., எழுபது மில்லிமீட்டர் அகலமும் தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர். வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.

அந்த வண்டியில் ஏறித்தான் சித்தப்பா விருதுநகர் வற்றல் மண்டிக்கும் திருச்சுழிக் கோவிலுக்கும் போய் வந்தார். சித்தி பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு போவது எங்கள் ஊருக்கு ஓர் அடையாளம். சித்தி காலமான பிறகு வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். ஆறு வருஷம் அப்படியே நின்றது. வெளியூரில் இருக்கும் அவருடைய மகன், "பழைய புல்லட்டுக்கு இப்போது நல்ல விலை, கொடுத்துவிடலாம்" என்றான். சித்தப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏப்பா, எனக்கு இனி உதைக்கக் காலில் பலம் இல்லை. நீ எடுத்து ஓட்டு. ஓடினால் இருக்கட்டும். உள்ளே கெட்டுப்போச்சுன்னா எனக்குச் சொல்லாமலே வித்துடு."

கடைசி வாக்கியத்தை அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆகவே, எந்த எண்ணெய் என்ற கேள்வி எனக்குச் சில்லறைக் கேள்வியாக இல்லை.

மூன்று கட்சிகள் உடனே உருவாயின. முதல் கட்சி சித்தப்பா. "வாங்கின நாளிலிருந்து நாற்பதுதான் போட்டேன். ஒரு நாள் வழியில் நின்னதில்லை" என்றார். இரண்டாவது கட்சி, வேப்ப மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். "அண்ணே, ஐம்பது ஊத்துங்க. இந்த வெயிலுக்கு நாற்பது தண்ணியாப் போயிரும்" என்றான். மூன்றாவது கட்சி சித்தப்பாவின் பேரன். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். "பெரியப்பா, இப்போ எல்லாமே ஃபுல் சிந்தெடிக்தான். விலை மூணு மடங்கு. ஆனா எஞ்சினுக்கு அமிர்தம். தாத்தா காலத்து எண்ணெயெல்லாம் வேண்டாம்" என்றான். மூவருமே அந்த வண்டியின் மேல் பிரியம் உள்ளவர்கள். மூவருமே நிச்சயமாகச் சொன்னார்கள். நிச்சயமாகச் சொல்கிறவர்கள் மூன்று பேராக இருக்கும்போது, வண்டியையே கேட்டுவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் இந்த நாற்பதும் ஐம்பதும் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1905-ல் ஏற்பட்ட மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம், 1911-ல் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுக்கும் முறையைத் தொடங்கிற்று. அதைத்தான் எஸ்.ஏ.ஈ. எண் என்கிறோம். டப்பாவின் மேல் '20 டபிள்யூ 50' என்று இருக்கும். டபிள்யூ என்றால் ஆங்கிலத்தில் குளிர்காலத்தின் முதல் எழுத்து. அதற்கு முன் உள்ள எண், உறைகுளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 20 டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குப் பதினைந்து டிகிரி கீழே வைத்துச் சோதிக்கிறார்கள். 10 டபிள்யூவை இருபத்தைந்து டிகிரி கீழே. பரளச்சியில் மார்கழி மாதம் காதுக்குத் துண்டு கட்டிக்கொள்வதோடு எங்கள் குளிர் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த முன் எண் குறையக் குறைய மேன்மை என்று எண்ணிக் காசு கொடுப்பது, மதுரையில் கம்பளிக் கோட்டு வாங்குவது போலத்தான்.

நமக்கு வேண்டியது பின் எண். நூறு டிகிரிச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு அது அளவு. முப்பதைவிட நாற்பது கெட்டி. நாற்பதைவிட ஐம்பது கெட்டி. இது பரீட்சை மார்க்கு அல்ல. அறுபது வாங்கியவன் நாற்பது வாங்கியவனைவிடக் கெட்டிக்காரன் என்று இங்கே சொல்ல முடியாது. கெட்டித்தன்மை குறைந்தால், தேயும் இரண்டு இரும்புக்கு நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். கூடினால், சேர வேண்டிய சந்துக்கு எண்ணெய் நேரத்தில் போய்ச் சேராது. இரண்டும் கெடுதல்.

இனி வண்டியைக் கேட்போம். பழைய புல்லட்டில் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடின் பெருந்தலை, உருளைகளின் மேல் சுழல்வதில்லை. 'மிதக்கும் புஷ்' என்று ஒரு வளையம் உண்டு. அது ராடிலும் ஒட்டாமல், கிராங்க் பின்னிலும் ஒட்டாமல், இரண்டுக்கும் நடுவே எண்ணெயில் மிதந்துகொண்டே சுற்றும். அதாவது, அந்த வண்டியின் முழு பாரத்தையும் தாங்குவது இரும்பு அல்ல, ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெயை அங்கே அனுப்புவது, புழு வடிவப் பல்லினால் ஓடும் ஒரு சின்ன பம்ப். போகிற வழியில் ஃபெல்ட் துணியால் ஆன ஒரு வடிகட்டி. எண்ணெய்த் தொட்டி எஞ்சினுக்குள்ளேயே, பின்புறம் இருக்கிறது. பம்பின் ஒரு பாதி எண்ணெயைக் கொடுக்கிறது. மறு பாதி அடியில் வடிந்ததை இறைத்துத் தொட்டிக்குத் திருப்புகிறது. கமலை கட்டி இறைத்த கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. கொடுப்பதும் எடுப்பதும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் வண்டியும் அல்ல இது. காற்றுதான் குளிர்விக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சித்திரை மாதத்துக் காற்று எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் நாற்பதா ஐம்பதா என்ற வழக்கில் பாதி தீர்ந்துவிடுகிறது. நம் நாட்டில் இந்த வண்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்டது 20 டபிள்யூ 40. புது வண்டியில் சந்துகள் நெருக்கமாக இருக்கும். அதற்கு நாற்பது தாராளம். ஐம்பது வருஷம் ஓடித் தேய்ந்த வண்டியில் சந்துகள் அகன்றுவிட்டன. அகன்ற சந்தில் படலம் நிற்க வேண்டுமானால், அதுவும் இந்த வெயிலில், ஒரு பிடி கெட்டியான எண்ணெய் வேண்டும். ஆக, சித்தப்பா சொன்னதும் சரி, மெக்கானிக் சொன்னதும் சரி. ஒருவர் இருபத்தைந்து வயதுப் புல்லட்டை நினைத்துக்கொண்டு பேசினார். மற்றவன் தன் முன்னே நின்ற புல்லட்டைப் பார்த்துப் பேசினான். பழைய பொருள்களைப் பற்றி வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். அந்த எஞ்சினைப் பிரித்துப் புது புஷ்ஷும் பிஸ்டனும் போட்டுக் கட்டினால், நாளைக்கே மறுபடியும் நாற்பது சரியாகிவிடும்.

மூன்றாவது கட்சியையும் அலட்சியம் செய்யக்கூடாது. செயற்கை எண்ணெய் விஷம் அல்ல. அது நல்ல சரக்கு. அதிகச் சூட்டில் எளிதில் சிதைவதில்லை, வெகு தூரம் உழைக்கிறது. பழைய வண்டியில் ஊற்றினால் உடனே ஒழுகிப் போய்விடும் என்று சொல்வதும் மிகை. ஏற்கனவே ஒழுகத் தயாராக இருக்கும் சீல், எதை ஊற்றினாலும் ஒழுகும். கேள்வி அது அல்ல. அந்த நீண்ட உழைப்பு நமக்குப் பயன்படுமா என்பதுதான். பழைய புல்லட்டில் பிஸ்டனைத் தாண்டிப் புகையும் கரியும் கீழே இறங்குகின்றன. கார்புரேட்டரில் பெட்ரோல் சற்று மிகுந்தால் அதுவும் எண்ணெயில் கலக்கிறது. ஃபெல்ட் வடிகட்டி பெரிய தூசியைப் பிடிக்கும். பொடித் தூசியை விட்டுவிடும். ஆகவே எண்ணெய் கெட்டுப்போவதற்கு முன்பே அழுக்காகிவிடுகிறது. 2000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும் என்கிறான் எங்கள் மெக்கானிக். அப்படி மாற்றப்போகிற எண்ணெய்க்கு மூன்று மடங்கு விலை கொடுப்பானேன்? அந்தப் பணத்துக்குச் சாதாரண கனிம எண்ணெயை மூன்று முறை மாற்றலாம். பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அதுவும் நியாயந்தான் பெரியப்பா" என்றான். கணக்குக்குக் கட்டுப்படுகிற பிள்ளை, முன்னுக்கு வருவான்.

டப்பாவில் எண்ணைத் தவிர எழுத்துக்களும் உண்டு. ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகுப்புகள் அவை. பெட்ரோல் எஞ்சினுக்கு 'எஸ்' என்று தொடங்கும். டீசலுக்கு 'சி' என்று தொடங்கும். இரண்டாவது எழுத்து அரிச்சுவடியில் தள்ளிப் போகப் போக வகுப்பு புதிது. சித்தப்பாவின் வண்டி பிறந்த 1974-ல் இருந்த உயர்ந்த வகுப்பு எஸ்.ஈ. இன்றைக்கு நாணயமான கடையில் கிடைக்கும் சாதாரண டப்பாவும் அதைத் தாண்டியது. எனவே பழைய வண்டிக்குத் தகுந்த தரம் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். ஒரே ஒரு கவனம் வேண்டும். கேம்மும் அதன் மேல் உராயும் தட்டையான டாப்பெட்டும் தேயாமல் காக்க, எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து கலக்கிறார்கள். புகைப்போக்கியில் வைக்கும் சுத்திகரிப்பானைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், 2004-ல் வந்த எஸ்.எம். வகுப்பிலிருந்து மெல்லிய எண்ணெய்களில் அந்த மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். முப்பது, இருபது என்று எண் போட்ட புதிய கார் எண்ணெய்கள் அந்தக் கட்டுப்பாட்டில் வருகின்றன. நாற்பதும் ஐம்பதும் அதில் வருவதில்லை. நம் வண்டிக்கு வேண்டியதோ நாற்பதும் ஐம்பதும்தான். கெட்டியாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

பழைய புல்லட்டுக்கு வயிறு ஒன்று அல்ல, மூன்று. இதை மறந்துவிடுகிறவர்கள் அநேகர். புதிய வண்டிகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. பழையதில் மூன்றும் தனித்தனி. எஞ்சினுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர். இடது பக்கம் சங்கிலிப் பெட்டியில் அரை லிட்டருக்கும் குறைவு. அதற்குள்தான் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் நனைந்துகொண்டு ஓடுகின்றன. பின்னால் கியர் பெட்டி. கார்களுக்கு வரும் சில எண்ணெய்களில் உராய்வைக் குறைப்பதற்கென்றே சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது. ஆனால் கிளட்ச் என்பதே உராய்வினால் பிடிக்கிற சாதனம் அல்லவா? உராய்வைக் குறைத்தால் அது வழுக்கும். இந்த வம்பைத் தீர்க்க ஜப்பானியர் 1998-ல் 'ஜாஸோ' என்ற தரக்குறியைக் கொண்டு வந்தார்கள். நனைந்த கிளட்சுக்கு ஏற்றது 'எம்.ஏ.', 'எம்.பி.' என்றால் உராய்வு குறைந்தது, அங்கே ஆகாது. பழைய புல்லட்டில் எஞ்சின் எண்ணெய் கிளட்சுக்குப் போவதில்லை என்பதால், இந்த எழுத்தைப் பார்க்க வேண்டியது சங்கிலிப் பெட்டிக்கு ஊற்றும்போதுதான். ஆனாலும் ஒரே டப்பாவிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுவது நம் வழக்கம். ஆகவே எம்.ஏ. போட்டதாகவே வாங்கிவிடுவது நிம்மதி.

கியர் பெட்டிக்குத் தொண்ணூறு என்று எண் போட்ட எண்ணெயைக் கொடுப்பார்கள். "ஐம்பதே கெட்டி என்கிறீர்கள், தொண்ணூறு எப்படி ஓடும்?" என்று டீக்கடையில் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான சந்தேகம். கியர் எண்ணெய்க்கு அளவுகோலே வேறு. தொண்ணூறு எண் கியர் எண்ணெய், சூட்டில் ஏறக்குறைய ஐம்பது எண் எஞ்சின் எண்ணெயின் கெட்டிதான். படியும் மரக்காலும் வேறு வேறு என்பது போல. ஒரு ஜாக்கிரதை மட்டும் உண்டு. மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகம் மிகுதியாகச் சேர்த்த சில கியர் எண்ணெய்கள், சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். பழைய கியர் பெட்டிக்குள் வெண்கல புஷ்கள் இருக்கின்றன. கடையில் கேட்கும்போது மென்மையான வகையைக் கேட்பது நல்லது.

எங்கள் ஆமணக்கை நான் மறந்துவிடவில்லை. விளக்கெண்ணெயை மோட்டாருக்கும் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேய வியாபாரி 1909-ல் தம் மோட்டார் எண்ணெய்க்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயர் சூட்டினார். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்து பிறந்த சொல் அது. முதல் உலக யுத்தத்தில் சுழலும் எஞ்சின் பூட்டிய ஆகாய விமானங்கள் விளக்கெண்ணெயில்தான் பறந்தன. பெட்ரோலில் அது எளிதில் கரைவதில்லை என்பது காரணம். அந்தப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு என்ன பாடு பட்டது என்று கதை கதையாகச் சொல்வார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. பந்தய மோட்டார் சைக்கிள்காரர்களும் வெகு காலம் அதை விடவில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் அப்படித் தாங்கும். ஆனால் பந்தயம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். உள்ளேயே நின்றால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். பந்தயக் குதிரைக்கு ஏற்றது வண்டி மாட்டுக்கு ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேப்ப மரத்தடியில் வேலையைத் தொடங்கினோம். சித்தப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆறு வருஷம் நின்ற எஞ்சினில் எண்ணெய் மெல்ல மெல்லத் தொட்டியிலிருந்து கீழே கிராங்க் அறைக்கு வடிந்து நிற்கும். அந்த நிலையில் தொட்டியைப் பார்த்துவிட்டு, எண்ணெய் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றினால், வண்டி கிளம்பியதும் மிகையெல்லாம் மூச்சுக் குழாய் வழியாகச் சட்டையில் தெறிக்கும். ஓட்டி வந்து நிறுத்திய சற்று நேரத்தில் குச்சியை விட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவு. மெக்கானிக் அடித் திருகைக் கழற்றினான். எண்ணெய் வரவில்லை, தார் வந்தது. அதன் பின்னால் களிம்பு மாதிரி ஒரு கறுப்பு. அதை விரலில் எடுத்து வெயிலில் காட்டித் தேய்த்துப் பார்த்தான். இரும்புப் பொடி மின்னுகிறதா என்று பார்ப்பதற்காக. நாங்கள் மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் பார்க்கவில்லை.

"ஒன்னும் இல்லண்ணே. வெறும் கரிதான்."

அந்தக் கரிதான் அடுத்த சிக்கலும். இக்காலத்து எண்ணெய்களில் எல்லாம் சோப்பு மாதிரி அழுக்கைக் கரைக்கும் மருந்து உண்டு. பல வருஷமாக ஓரத்தில் படிந்து கிடக்கும் கசடை அது கிளப்பிவிடும். கிளம்பிய கசடு சின்னத் துவாரம் ஒன்றில் போய் அடைத்தால், மிதக்கும் புஷ் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே, முதலில் ஊற்றும் எண்ணெய் வண்டியைக் கழுவுவதற்கு மட்டும். அதை 300 கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு, புது ஃபெல்ட் போட்டு, அதன் பிறகு நிலையான எண்ணெயை ஊற்றுவது என்று தீர்மானித்தோம். கழுவுகிற எண்ணெய் மெல்லியதாக இருப்பது நல்லது என்பதால், முதலில் சித்தப்பாவின் 20 டபிள்யூ 40. அடுத்தது மெக்கானிக்கின் 20 டபிள்யூ 50. ராஜதந்திரம் பண்ணியதாக நினைக்க வேண்டாம். வண்டிக்குத் தேவையும் அந்த வரிசைதான்.

உதைத்தான், உதைத்தான், பதினோராவது உதையில் வண்டி பேசிற்று. பேரன் கைதட்டினான். மெக்கானிக் அதற்கெல்லாம் மயங்கவில்லை. சிலிண்டர் தலைக்கு எண்ணெய் கொண்டுபோகும் சிறு குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினான். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு போல்ட்டின் கழுத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து வந்தது. பம்ப் இறைக்கிறது என்று அர்த்தம். ரத்தம் ஓடுகிறதா என்று நாடி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சித்தப்பா எழுந்து வந்து, தொட்டியின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் திருச்சுழிக்குப் போகும்போது, "மெதுவாப் போ, முதல் ரெண்டு மைல் சூடு ஏறட்டும்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

எண்ணெய் வாங்கும்போது பார்க்க வேண்டிய சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று அளந்து ஊற்றும் உதிரி எண்ணெயை வாங்காதீர்கள். பழைய எண்ணெயை வடிகட்டி, நிறம் ஏற்றி, நல்ல டப்பாவில் அடைத்து விற்பதும் நாட்டில் உண்டு. மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா, தேதியும் தொகுப்பு எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். காலியான டப்பாவை நசுக்கியோ கிழித்தோ போடுங்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் கடைக்கு வரும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எண்ணும் எழுத்தும் சரியாக இருந்து, சரக்கும் அசலாக இருந்தால், பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மதராஸ் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கிய மணலியில், மோட்டார் எண்ணெய்களுக்கு வேண்டிய அடி எண்ணெயும் வடிக்கிறார்கள். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் கூப்பிடு தூரம். எஞ்சினும் எண்ணெயும் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளாக இருக்க, தூர தேசத்து அமிர்தத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியம் என்ன?

எண்ணெயைவிடப் பெரிய எதிரி எங்கள் ஊரில் புழுதி. கரிசல் புழுதி மாவு போல மெல்லியது. காற்று வடிகட்டியை மாதம் ஒரு முறை கழற்றித் தட்டாவிட்டால், அது உள்ளே போய் எண்ணெயோடு குழைந்து சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். அப்போது எந்த எண்ணாலும் பயன் இல்லை. அதேபோல டீக்கடைக்கும் மருந்துக் கடைக்குமாக அரை மைல் அரை மைல் ஓட்டி நிறுத்துவதும் கெடுதல். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். வாரம் ஒரு முறையாவது அருப்புக்கோட்டை வரையில் ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வேலை இல்லாவிட்டால் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

கடைசியாக, வடித்த எண்ணெய். இதைப் பற்றி எந்தக் கட்சியும் எனக்கு ஆலோசனை சொல்லவில்லை. வேலியோரத்தில் கொட்டுவதும், கறையான் வராமல் இருக்கக் கம்பத்துக்குப் பூசுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். ஓடித் தீர்ந்த எண்ணெயில் ஈயமும் துத்தநாகமும் இன்னும் எத்தனையோ கலந்திருக்கின்றன. 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவுச் சட்டவிதிகளில் அதற்கும் இடம் உண்டு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் அது சேர வேண்டும். சட்டம் இருக்கட்டும். எங்கள் ஊரில் ஊருணித் தண்ணீரைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி எடுத்த காலம் உண்டு. கரையில் மாடு கட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று அதற்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வானத்தைப் பார்த்து வாழ்கிற சீமையில் மழை வந்தால், வேலியோரத்து எண்ணெயும் அந்த நீரோடுதான் ஓடும். ஒரு படலம் போதும், ஒரு ஊருணியின் முகம் மாறிவிடும். உள்ளே ஓடுகிற வரையில் எஞ்சினைக் காப்பாற்றிய அதே படலம்தான் அது.

மெக்கானிக் இப்போது மரத்தடியில் ஒரு மூடி போட்ட பீப்பாய் வைத்திருக்கிறான். அதன் மேல் பேரன் சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்: 'இதில் மட்டும் ஊற்றவும்.' எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட பதில் இன்றைக்கு அந்த ஒன்றுதான்.